புது வண்டி, பழைய துரு

புதிதாக வந்திறங்கிய இரும்பைச் சுத்தியலால் தட்டி, அது சொல்லும் பதிலைக் காது கொடுத்துக் கேட்பதுதான் என் தொழில். மோட்டார் கார் வாங்கி, மாலை போட்டு, ஊரைச் சுற்றி வந்து, ஆறே மாதத்தில் மட்கார்டுக்கு அடியில் பழுப்பாக ஏதோ பூத்திருப்பதைப் பார்த்து வயிறெரிந்து நிற்கும் அன்பர்களே, நானும் உங்கள் கட்சிதான். நீங்கள் கம்பெனிக்காரனுக்குக் கடிதம் எழுதிக் களைத்துப்போயிருப்பீர்கள். எனக்கு எழுத ஆளில்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

கோலார் தங்கவயலில் ஒரு சுரங்கத்தின் ஒர்க்‌ஷாப்பில் நான் மேஸ்திரி. கோரமண்டல் வழியாக மாரிக்குப்பத்துக்கு ரயில் ஓட ஆரம்பித்த புதிது அது. பூமிக்கு அடியில் தங்கக் கல்லை அள்ளிப் போட்டுத் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போகும் நான்கு சக்கர இரும்பு வண்டியை நாங்கள் டிரக்கு என்போம். புது டிரக்கு எது வந்தாலும் நான் தட்டிப் பார்த்து, சாக்கட்டியால் குறி போட்ட பிறகுதான் அது கீழே இறங்கும். தட்டு மேஸ்திரி என்றே எனக்குப் பெயர். இவ்வளவு கூர்மையான காது ஒரே ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டது. அதனால் என் மனைவியின் தம்பிக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமல் செத்துப்போக எனக்கு மனசில்லை.

கப்பலேறி வந்த கை

சீமையிலிருந்து பன்னிரண்டு டிரக்குகள் வந்தன. வைக்கோலைப் பிரித்ததும் புதுப் பெயின்ட் வாசனை ஷெட் முழுக்க அடித்தது. கறுப்பு நிறம், வெள்ளையில் நம்பர், பார்க்கவே கல்யாண மாப்பிள்ளைகள். நான் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தேன். ஏழாம் நம்பரின் பக்கத் தகட்டில் பெயின்ட் கொஞ்சம் உப்பியிருந்தது. பெயின்டர் சவரிமுத்து கத்தியால் லேசாகச் சுரண்டினார். பெயின்ட் ஒரு வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்துவிட்டது. அடியில் செக்கச்செவேலென்று துரு, ஒரு மனுஷனுடைய வலது உள்ளங்கையின் வடிவத்தில்.

யாரோ ஒருவன் பெயின்ட் அடிக்கும் முன்னால் வெறும் இரும்பின்மேல் வேர்வைக் கையை வைத்திருக்கிறான். வேர்வையில் உப்பு உண்டு, உப்பிருந்தால் துரு பிடிக்கும். அதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கையில் மோதிர விரல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஷெட்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். முன்னால் வந்தவன் என் மச்சான் முனிரத்தினம் ஒருவன்தான். இருபத்திரண்டு வயது, சுரங்கத்துக்குள் டிரக்கு தள்ளுகிற வேலை, பயம் என்றால் என்னவென்று கேட்கிற ஆள். சிரித்துக்கொண்டே தன் வலது கையை அந்தத் துருவின்மேல் வைத்து அளவு பார்த்தான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்:

"எல்லா வெரலும் கச்சிதமா குந்திக்கிது மாமா. மோதர வெரலுக்குத்தான் எடம் இல்ல."

இரும்புக்கு ரெஸ்ட்

விஷயம் ஃபோர்மேன் துரைக்குப் போயிற்று. அவர் பைப்பைப் பல்லில் கடித்தபடிதான் பேசுவார். அந்த இங்கிலீஷ் அவருடைய சம்சாரத்துக்காவது புரிந்ததா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பக்கத்தில் கல் அரைக்கும் மில் இடித்துக்கொண்டிருந்தது. துரை குனிந்து, துருப் பிடித்த கையைப் பார்த்தார். டிரக்கின் தொட்டி கவிழாமல் பிடித்துக்கொள்ளும் கொக்கியைப் பார்த்தார். நிமிர்ந்து, "செவன். ரெஸ்ட்" என்றார். போய்விட்டார்.

எனக்கு அப்போது தெரிந்த இங்கிலீஷ் மொத்தம் பத்து வார்த்தை. ஷிஃப்டு, ஷாஃப்டு, லெவல், கேஜ், அந்த வரிசையில் ரெஸ்டும் ஒன்று. ஜுரத்தில் நடுங்கிக்கொண்டு வருகிறவனைப் பார்த்துத் துரை சொல்லும் வார்த்தை அது. குடியாத்தத்தில் கொல்லுப் பட்டறையில் வளர்ந்தவன் நான். பழுக்கக் காய்ச்சின இரும்பை ஆறப்போட்ட பிறகுதான் வேலைக்கு எடுப்போம். அத்தனை தூரம் கடலில் ஆடிக்கொண்டு வந்த இரும்புக்கும் ஓய்வு வேண்டும் என்று துரை சொன்னது எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. ஆளுக்கு ஒரு நாள் என்றால் இரும்புக்கு மூன்று நாளாவது வேண்டாமா? கொக்கிக்குப் பக்கத்தில் சாக்கட்டியால் தமிழிலேயே 'ரெஸ்ட் 3' என்று எழுதி, ஏழாம் நம்பரை ஷெட்டின் மூலையில் தள்ளி நிறுத்தினேன். சுரங்கத்தில் நாற்பது வயதைத் தாண்டிவிட்ட டிரக்குக்காரர் ஒருவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்:

"அடுத்த ஜென்மத்துல நானு டிரக்காத்தான் பொறக்கணும் மேஸ்திரி. மூணு நாளு ரெஸ்ட்டுன்னா சும்மாவா?"

எலுமிச்சம்பழம்

மூன்றாம் நாள் ஏழாம் நம்பரைக் கீழே இறக்க வேண்டும். எவனும் தொட மாட்டேன் என்றான். சரி, கழிப்புக் கழித்துவிடலாம் என்று முடிவாயிற்று. நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். சவரிமுத்து மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர். அவர் தம் பங்குக்கு ஓரத்தில் வெள்ளைப் பெயின்டால் சின்னதாக ஒரு சிலுவை போட்டார். எந்தச் சாமிக்கு வேலை இருக்கிறதோ அந்தச் சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

மிச்சமிருந்த அரைப் பழத்தை நான் அந்தக் கையின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தேன். துரு கரைந்து ஓடியது. இரும்பு வெள்ளி மாதிரி பளபளத்தது. எனக்கு ஒரே பெருமை. மறுநாள் காலை ஷெட்டைத் திறந்தபோது கை பழைய இடத்திலேயே இருந்தது. முந்தின நாளைவிடச் சிவப்பாக, விரல் ரேகைகூடத் தெரிகிற அளவுக்கு. எலுமிச்சைச் சாற்றை அலம்பாமல் விட்டால் இரும்பு அப்படித்தான் ஆகும் என்பது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. மண்ணெண்ணெய்த் துணியோடு ஓடினேன். சவரிமுத்து என் தோளைப் பிடித்து நிறுத்தினார்:

"தொடச்சா போறதுக்கு அது இன்னா அழுக்கா மேஸ்திரி? ஆளு."

நானே கொடுத்த வண்டி

பழைய டிரக்கு தள்ளுகிறவன் முதுகைப் பார்த்தால் தெரியும், சக்கரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று. முனிரத்தினத்தின் டிரக்கு அப்படிப்பட்டது. அவன் புது வண்டி வேண்டும் என்று என் வீட்டுக்கு வந்து அக்காளிடம் சிபாரிசு பிடித்துக்கொண்டிருந்தான். என் மனைவி கன்னியம்மாள் சோறு போடும்போதெல்லாம் அதையே சொன்னாள். மற்ற பதினொன்றுக்கும் போட்டி. ஏழாம் நம்பருக்கு ஆளில்லை. எனக்கு வசதியாகப் போயிற்று. கொக்கியை ஒருமுறை தட்டினேன். சத்தம் கொஞ்சம் மட்டாகத்தான் வந்தது. மூன்று நாள் ஓய்வு கொடுத்தாயிற்றே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு, பக்கத்தில் சரி என்று குறி போட்டேன். இந்த இடத்தை எழுதும்போது இப்போதும் என் கை கூசுகிறது.

அவனுக்கு வாயெல்லாம் பல். டிரக்கைக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டுக்குள் தள்ளிவிட்டு, நெற்றித் தொப்பியில் களிமண் வைத்து மெழுகுவத்தியைச் செருகிக்கொண்டு, இறங்கும் முன் அவன் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது:

"அக்கா கைல சொல்லு மாமா, உன் வூட்டுக்காரரு எனக்கு மாப்ள வண்டி குடுத்துட்டாருன்னு!"

ஒரு தட்டு அதிகம்

வாரத்துக்கு ஒருமுறை நான் கீழே போய் சக்கரங்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். முனிரத்தினம் இருந்த லெவலில், அவ்வளவு ஆழத்தில், சூடு தாங்காது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாறையும் மனுஷனும் ஒரே நிறமாக இருப்பார்கள். ஏழாம் நம்பரின் நான்கு சக்கரத்தையும் ஒவ்வொரு தட்டு தட்டினேன். டங், டங், டங், டங். சுத்தியலை இடுப்பில் செருகினேன். அப்புறம் ஒரு டங் கேட்டது.

சுத்தியல் இடுப்பில். முனிரத்தினம் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். மறுபடி தட்டினேன். நான்கு தட்டு, ஐந்து சத்தம். மூன்றாவது முறையும் அதே. கேஜ் ஏறி இறங்கும் கிணற்றை ஷாஃப்டு என்போம். அங்கே மணிக்கு ஒரு பாஷை உண்டு. மேலே தூக்க இத்தனை, கீழே இறக்க இத்தனை என்று கேஜ் ஓட்டுகிறவனுக்குச் சொல்வோம். அடிபட்ட ஆளை ஏற்றும்போது ஐந்து. இதை நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு மேலே ஓடிவந்து துரையிடம், இங்கிலீஷ் பாதி கைஜாடை பாதியாகச் சொன்னேன். எங்கோ ஒரு ஆணி ஆடுகிறது, அதுதான் சத்தம் என்று அவர் கைஜாடையிலேயே பதில் சொன்னார். எந்த டிரக்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கீழேயிருந்து நான் கிளம்பும்போது முனிரத்தினம் மட்டும் கொஞ்சம் சிரிப்பில்லாமல் ஒன்று சொல்லியிருந்தான்:

"நீ தட்டுனா ஒண்ணு ஜாஸ்தி கேக்குது மாமா. நீ இல்லாதப்ப, சும்மாவே கேக்குது."

ஐந்து மணி

அதற்கு அடுத்த வாரம், பட்டப்பகல் ஷிஃப்டு. நான் ஷெட்டில் ஒரு புது அச்சைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஷாஃப்டு மணி அடித்தது. நான் எண்ணவில்லை. என் கால்தான் எண்ணியது. ஐந்தாவது அடிப்பதற்குள் நான் பாதி வழி ஓடியிருந்தேன்.

கல் நிரம்பிய டிரக்கை அவன் கேஜுக்குள் தள்ளியிருக்கிறான். கொக்கி முறிந்து தொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கவிழாமல் பிடித்துக்கொள்ளப் போன வலது கை தொட்டிக்கும் கேஜ் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஒரு எட்டு முன்னால் நின்றிருந்தால் ஷாஃப்டுக்குள்ளேயே போயிருப்பான். கேஜ் மேலே வந்தபோது இடுப்புத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உயிர் இருந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன்.

முறிந்த கொக்கியைக் கொண்டுவந்து துரை முன்னால் வைத்தார்கள். வெளியே கறுப்புப் பெயின்ட். உள்ளே நடு வரைக்கும் துருத் தூள். துரை அதை எடுத்து விரலால் நசுக்கினார். சிவப்புப் பொடி உதிர்ந்தது. முதல்முறையாகப் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். பைப் இல்லாத வாயிலிருந்து அந்த வார்த்தை தெளிவாக வந்தது:

"ரஸ்ட், மேன். ரஸ்ட்! ஐ டோல்ட் யூ!"

இடம் சரியாகிவிட்டது

ரஸ்ட் என்றால் துரு. துருப் பிடித்த வண்டி, வேலைக்கு எடுக்காதே என்று அவர் சொன்னதை, நான் மூன்று நாள் ஓய்வு கொடுத்துக் கழிப்புக் கழித்து, மச்சானுக்குச் சீராகக் கொடுத்திருக்கிறேன். துரை என்னை வேலையை விட்டுத் தள்ளியிருக்கலாம். தாம் எழுதிக் கொடுக்காமல் வாயால் சொன்னதும் தப்புத்தான் என்று அவருக்குப் பட்டதோ என்னவோ, டிரக்கைச் செய்து அனுப்பினவன்மேல் பழியைப் போட்டு ஒரு கடிதம் எழுதினார். நானும் வாயை மூடிக்கொண்டேன். கன்னியம்மாள் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. வார்த்தை விஷயம் அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்றைக்கு வரைக்கும் பேசியிருக்க மாட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று முனிரத்தினம் நேராக ஷெட்டுக்கு வந்தான். மூலையில் ஏழாம் நம்பர் கிடந்தது. கட்டு அவிழ்த்த கை. மற்ற விரல்கள் முழுசாக இருந்தன. மோதிர விரல் அடியோடு இல்லை. நான் வேண்டாம்டா என்று சொல்வதற்குள் அவன் கையை அந்தத் துருவின்மேல் வைத்துவிட்டான். நான்கு விரலையும் ஒவ்வொன்றாகப் பொருத்தினான்.

"இப்ப செரியா குந்திக்கிச்சு மாமா."

பெரிய துரையின் மோட்டார்

வருஷங்கள் போயின. ஃபோர்மேன் துரை ஊருக்குத் திரும்பிவிட்டார். சுரங்கத்தின் பெரிய துரை ஒரு மோட்டார் கார் வரவழைத்தார். தங்கவயலில் பலருக்கு அதுதான் முதல் மோட்டார். குதிரை எங்கே என்று ஒரு கிழவர் பின்னாலேயே தேடிக்கொண்டு போனார். அதைத் துடைக்கிற வேலை முனிரத்தினத்துக்குக் கிடைத்தது. நான்கு விரலோடு டிரக்கு தள்ள முடியாது, துணி பிடிக்க முடியும். தினமும் கண்ணாடி மாதிரி வைத்திருந்தான்.

ஒருநாள் பேத்தமங்களா ஏரிக்கரையில் கார் சேற்றில் புதைந்துவிட்டது. வேலிக் கல்லில் உரசி மட்கார்டில் கையகலம் பெயின்ட் போய்விட்டது. முனிரத்தினம்தான் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினான். மறுநாள் சவரிமுத்து அந்த இடத்தில் பெயின்ட் அடித்தார். அடுத்த மழைக்காலத்தில் மட்கார்டு உப்பிக்கொண்டது. பெரிய துரை கொதித்துப்போனார். புது வண்டி, ஒரு வருஷம்கூட ஆகவில்லை! தட்டு மேஸ்திரியைக் கூப்பிடு என்றார். நான் போய்ச் சுரண்டினேன். பெயின்ட் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது.

நான் பார்த்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அதே கை. அதே வெறுமை. என் பின்னால் முனிரத்தினம் நின்றிருந்தான். அவன் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. துடைக்கிறவனின் வேர்வைக் கை என்று தெரிந்தால் அன்றைக்கே அவன் வேலை போய்விடும். பெரிய துரை எட்டிப் பார்ப்பதற்குள் நான் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் சுரண்டி விரல்களை அழித்தேன். "ரஸ்ட், சார்" என்றேன். அந்த வார்த்தையை அவ்வளவு சுத்தமாக நான் அதற்கு முன் சொன்னதில்லை. "கடல் காத்து சார். கப்பல்லயே வந்துருக்கு." அவர் கம்பெனிக்குக் கடிதம் எழுத உள்ளே போனார்.

நாங்கள் இருவரும் காருக்குப் பக்கத்தில் நின்றோம். இத்தனை வருஷம் அடைத்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். துரை சொன்னது ரஸ்ட், நான் கேட்டது ரெஸ்ட், உன் விரல் போனது என்னால்தான் என்றேன். அவன் துணியை உதறி மடித்தான்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் மாமா. ரெஸ்ட் மூணுன்னு நீ எழுதுனது வண்டி மேலயே இருந்துச்சி. சர்ச்சு ஸ்கூல்ல நாலெழுத்து படிச்சவன் நானு, தொர ரஸ்ட்டுன்னு கத்துனத ஆளுங்க வந்து சொன்னாங்க, ஆஸ்பத்திரில படுத்துகினு அத்தயே யோசன பண்ணேன். அந்த ஏழாம் நம்பர்ல கை வெச்சானே, அவனும் என்ன மாரி ஒருத்தன்தான். அங்க அவனுக்கும் உன்ன மாரி ஒரு மாமா இருந்துருக்காரு. கைய பாத்துட்டு, அவன் வேல போயிடுமேன்னு மேல பெயின்ட்ட அடிச்சி கப்பல்ல ஏத்திட்டாரு."

ஆகையால் அன்பர்களே, புது வண்டி வாங்கினால் பெயின்டைத் தாராளமாகச் சுரண்டிப் பாருங்கள், கம்பெனிக்காரனைத் திட்டி வண்டி வண்டியாகக் கடிதம் எழுதுங்கள், ஆனால் அடியில் ஒரு கை தெரிந்தால் மட்டும் உங்கள் கையை அதன்மேல் வைத்து அளவு பார்க்காதீர்கள்.